ஆம்ப் துடைக்கிற வேலை

ஆடித் திருவிழாக் கச்சேரிகள் முடிந்தால் எல்லோருக்கும் ஓய்வு. எனக்கு மட்டும் கிட்டார் ஆம்ப், அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியைத் துடைக்கிற வேலை. சேலத்துக் கோயில் மேடைகளில் பறக்கும் புழுதி, திருநீறு, குங்குமம் எல்லாம் அந்தப் பெட்டிமேல் ஒட்டியிருக்கும் வினைல் உறையின் சொரசொரப்பில்தான் போய் உட்காரும். வெறும் துணியால் துடைத்தால் மேட்டில் இருப்பது போகும், பள்ளத்தில் இருப்பது இன்னும் இறங்கும். பாத்திர சோப்பைக் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மெல்லத் தேய்க்க வேண்டும். தண்ணீர் அதிகமானால் ஓரத்துப் பசை விட்டுப்போய் உள்ளே பலகை ஊறும். இதில் இலவச ஆலோசனை வேறு: "தின்னர் போடு தம்பி, பளிச்சுன்னு ஆயிடும்!" ஆகும், உறையே இளகி. மழைக்காலத்தில் ஏற்காட்டில் வாசித்துவிட்டு வந்து ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை இலவசம். இவ்வளவுக்கும் அதன் தலையிலேயே டீ டம்ளரை வைப்பவர் எங்கள் தபேலாக்கார அண்ணன்தான். கேட்டால், "அதான் நீ துடைப்பியே" என்கிறார்.