ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ரூம்

வீடு பார்க்கப் போன இடத்தில் படுக்கையறை ஜன்னலைத் திறந்தேன். காற்றும் வரவில்லை, வெளிச்சமும் வரவில்லை. அந்தப் பக்கம் ஒரு கட்டில், ஒரு பீரோ. "அது எக்ஸ்ட்ரா ரூம் சார், போனஸ்!" என்றார் தரகர்.

வீட்டுக்குள் இரண்டு அறைக்கு நடுவே ஜன்னல் இருந்தால், அந்தச் சுவர் பெரும்பாலும் ஒரு காலத்தில் வெளிச்சுவர். வீட்டைச் சுற்றிக் காலியாக விடவேண்டிய இடத்தை, அதாவது செட்பேக்கை, பிறகு யாரோ வளைத்துப் போட்டிருக்கிறார்கள். அது கண்ணில் பட்டதும் மற்றதும் வரிசையாகத் தெரிந்தது. தரையில் ஒரு சின்னப் படி, அங்கிருந்து வேறு டைல்ஸ், ஒரு சாண் தாழ்ந்த கூரை. பழைய சுவரும் புதுச் சுவரும் சேருமிடத்தில் மேலிருந்து கீழ்வரை விரிசல். பழைய அஸ்திவாரம் என்றைக்கோ இறங்கி அமர்ந்துவிட்டது, புதியது பின்னால் தனியாக இறங்கியிருக்கிறது. மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள், பாவம்.

அப்ரூவ்டு பிளான், அதாவது அனுமதி வாங்கிய கட்டட வரைபடம், கேட்டேன். பத்திரத்தைக் காட்டினார்கள். மறுபடி கேட்டேன். வரி ரசீது வந்தது, அப்புறம் கரண்ட் பில்.

நம்மில் பலர் ஏமாறுவது இங்கேதான். பத்திரம் சொத்து யாருடையது என்று சொல்லும்; பின்னால் எழுப்பிய அறைக்கு அனுமதி உண்டா என்று சொல்லாது. வக்கீல் "டைட்டில் கிளியர்" என்று எழுதித் தந்தாலும் அதே கதைதான், அவர் டேப் பிடித்து அளக்கப் போவதில்லை. வரி கட்டுவதால் விதிமீறல் சரியாகிவிடாது. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக அளந்தால்தான் உண்மை தெரியும்.

மாடியிலும் ஒரு அறை ஏற்றியிருந்தார்கள். "இத்தனை வருஷமா நிக்குதே சார்." நிற்கிறதுதான். ஆனால் 23 செ.மீ. கனமுள்ள செங்கல் சுவர் 3 மீட்டர் உயரத்துக்கு எழும்பினால், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 1,300 கிலோ. 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறைக்கு நாலு பக்கமும் 14 மீட்டர் சுவர். அதோடு 10 செ.மீ. கான்கிரீட் கூரை மட்டும் 3 டன். கதவு, ஜன்னலைக் கழித்தாலும் 20 டன் பக்கம் வரும். கீழே உள்ள தூணும் அஸ்திவாரமும் அதற்குப் போட்டவைதானா என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டி வருகிறேன் என்றதும் தரகர் முகம் மாறியது. அந்த அறைக்குக் கரண்ட் எங்கிருந்து இழுத்தீர்கள் என்று கேட்டேன். பக்கத்து ரூம் லைட் லைனிலிருந்தாம். லைட்டுக்குப் போட்ட வயரில் ஏசி ஓடுகிறது!

"ஃபைன் கட்டினா ரெகுலரைஸ் பண்ணிடலாம்" என்று ஒரு சமாதானம் எப்போதும் உண்டு. அவ்வளவு சுலபம் என்றால் விற்பவரே கட்டி, காகிதத்தோடு விற்கலாமே? செட்பேக்கை விழுங்கிய கட்டுமானத்தை எல்லா இடத்திலும் முறைப்படுத்திவிட முடியாது. முடிகிற இடத்திலும் உள்ளே கம்பியும் வயரிங்கும் எப்படி என்று காட்டச் சுவரைக் கொத்தவேண்டி வரலாம். கட்டியவர் அனுபவித்துவிட்டுப் போய்விடுவார், நோட்டீஸ் இன்றைய உரிமையாளர் பெயருக்குத்தான் வரும். லோன் போட்டால் மதிப்புப் போட வரும் வேல்யூவர் அந்த அறையைக் கணக்கில் எடுக்காமல் போகலாம். தீப்பிடித்தால் அந்த அறைக்கு அனுமதி உண்டா என்று இன்சூரன்ஸ்காரரும் கேட்கலாம்.

அதனால் நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். வரைபடத்தில் உள்ள பரப்புக்கு மட்டும் விலை. அதிலிருந்து கூடுதல் பகுதியை இடித்துச் சுத்தம் செய்யும் செலவைக் கழிக்கவேண்டும். கேட்பவர்கள் அநியாயம் என்கிறார்கள். குடும்பம் பெருகி, வேறு வழியில்லாமல் கட்டியவர்கள் நிறைய பேர், அந்தக் கஷ்டம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த அறைக்கும் சதுர அடி போட்டு என்னிடம் காசு கேட்கும்போது அது கஷ்டம் இல்லை, வியாபாரம்.

உண்மையைச் சொன்னால் அந்த ரூம் எனக்கும் பிடித்திருந்தது. மனைவி அங்கே மேஜையை எந்தப் பக்கம் போடலாம் என்றுகூட யோசித்துவிட்டாள். என் கணக்கைச் சொன்னேன். விற்பவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

போன வாரம் தரகர் மறுபடி கூப்பிட்டார். விலை கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம். பிளான் கிடைத்ததா என்று கேட்டேன்.

"தேடிக்கிட்டு இருக்காங்க சார்."