ஓசூரிலும் பங்க் இசை இருந்தது
வேகமும் கத்தலுமாக வாசிக்கும் பங்க் ராக் இசையெல்லாம் சென்னை, பெங்களூரு வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு நின்றுவிட்டது, சின்ன ஊர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று இந்தக் கட்டுரையை எழுதியவர் அடித்துச் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் பிளஸ் டூ படித்தபோது எங்கள் ஓசூரிலேயே நாலு பையன்கள் ஒரு பங்க் இசைக்குழு (பேண்ட்) வைத்திருந்தார்கள், சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள்தான், யாரிடமும் சொந்தமாக ஆம்ப் (கிடார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) கிடையாது, மைக் செட் கடையில் வாடகைக்கு எடுத்த பெட்டியில் கிடாரைச் செருகி வால்யூமை முழுக்கத் திருப்பினால் கரகரவென்று பிளிறும், அந்தச் சத்தத்துக்குத்தான் நாங்கள் கிறுக்குப் பிடித்து அலைந்தோம். 2012 மின்வெட்டு நேரத்தில் பாதிப் பாட்டில் கரண்ட் போய்விடும், டிரம்ஸ்காரன் மட்டும் நிறுத்தமாட்டான் (சத்தத்தை அடக்க பேஸ் டிரம்முக்குள் அவன் பாட்டியின் பழைய தலையணை!), மிச்சப் பாட்டை நாங்களே இருட்டில் கத்தி முடிப்போம். மேலே கருத்து எழுதிய ஒருவர், மூன்று கார்டு (கிடாரில் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) வைத்துக்கொண்டு இதெல்லாம் ஒரு இசையா என்று கேட்டிருக்கிறார். சரி, ராமோன்ஸ் என்ற அமெரிக்க பங்க் பேண்டின் 1976 முதல் ஆல்பத்தில் 14 பாட்டும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அதன் அழகே அதுதான். அப்புறம், டியூஷன் வாத்தியாரைப் பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும் திட்டி எங்கள் ஆட்கள் பாடிய மாதிரி எந்தப் பெருநகர பேண்டும் பாடியிருக்காது.