என் பர்ஸில் இருக்கும் அந்த அட்டை

என் பர்ஸில் ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னால் இன்னொரு அட்டை இருக்கிறது. பென்சில்வேனியா மாநில சுகாதாரத் துறை கொடுத்தது. போன மாதம் ஒரு சீமந்தத்தில் மொய்க்கவரில் பெயர் எழுதப் பேனா தேடியபோது அது கீழே விழுந்துவிட்டது. எடுத்துக் கொடுத்த தோழி அதைப் படித்துப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "ஏங்க, இது அந்தக் கஞ்சா கார்டா?" என்று கேட்டார்.

ஆமாம், அதுதான். மருத்துவக் கஞ்சா வாங்கிக் கொடுக்க ஒரு நோயாளிக்காகப் பதிவு செய்துகொண்ட கேர்கிவர் நான். அன்று கூட்டத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கணவர் இறந்துவிட்டார், மகன் வேறு மாநிலத்தில். நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவந்த முதல் பனிக்காலத்தில் என் பெரியவளுக்கு நல்ல காய்ச்சல், என் கணவர் ஊரில் இல்லை, கார் வெளியே எடுக்க முடியாத அளவுக்குப் பனி. கேட்காமலேயே மண்வெட்டியோடு வந்து பாதையை ஒதுக்கிக் கொடுத்தவர் அவர். என் பிள்ளைகளுக்கு அவர் பாட்டி. அவ்வளவுதான் உறவு, அதற்கு மேல் என்ன வேண்டும்?

அவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ்., மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய். இந்த நோயில் கால் தசை இறுகுவது எப்படி இருக்கும் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நடுராத்திரியில் கால் தானாக விறைத்து நீளும். முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து மடக்கப் பார்த்தாலும் மடங்காது. விறைப்பு விடும்போது கால் வெட்டிவெட்டி இழுத்துக் கட்டில் கம்பியில் மோதும். அதற்காக அந்தக் கம்பியில் ஒரு பழைய போர்வையைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். தசையைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரை கொடுத்தார்கள். அளவைக் கூட்டினால் பகலெல்லாம் தூக்கம், குறைத்தால் ராத்திரியெல்லாம் விழிப்பு.

பென்சில்வேனியாவில் மருத்துவக் கஞ்சா சட்டம் 2016 ஏப்ரலில் கையெழுத்தானது. 2018 பிப்ரவரியில் டிஸ்பென்சரி எனப்படும் கடைகள் விற்கத் தொடங்கின. சட்டம் வந்தபோது பட்டியலில் இருந்த 17 நோய்களில் இதுவும் ஒன்று. மாநிலத்தில் பதிவு செய்த மருத்துவர் சான்று கொடுத்தால், 50 டாலர் கட்டி நோயாளி அட்டை வாங்கலாம். அவரும் வாங்கினார். ஆனால் டிஸ்பென்சரிக்கு யார் போவது? அவரால் கார் ஓட்ட முடியாது. போய் வாங்கி வந்தாலும், குழந்தைகள் திறந்துவிடக் கூடாது என்று அழுத்தித் திருகும் மூடி போட்டிருப்பார்கள். அந்த மூடியை அவர் விரல்கள் திறக்காது. வலிக்கு மருந்து கையில் இருக்கிறது, மூடி திறக்க முடியவில்லை. அதைப் பார்த்த அன்றுதான் என் பெயரைக் கொடுக்கச் சொன்னேன்.

ஒரு நோயாளி இரண்டு பேர் வரை கேர்கிவராகச் சொல்லலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றில்லை. 21 வயது முடிந்திருக்க வேண்டும், இந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும், விரல் ரேகை கொடுத்துக் குற்றப் பின்னணி சரிபார்க்க வேண்டும். கடந்த ஐந்து வருடத்தில் போதைப்பொருள் விற்ற அல்லது வைத்திருந்த வழக்கில் தண்டனை பெற்றவருக்குக் கிடைக்காது. எனக்குக் கிடைத்தது. வாங்கி வரலாம், கொடுக்கலாம். நான் ஒரு சொட்டு எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேர்கிவர் என்ற இந்தச் சொல்லுக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு அர்த்தம். மிச்சிகனில் 2008இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டப்படி, ஒரு கேர்கிவர் ஐந்து நோயாளிகள் வரை வைத்துக்கொண்டு, ஆளுக்கு 12 செடி வீதம் பூட்டிய இடத்தில் வளர்க்கலாம். இங்கே பென்சில்வேனியாவில் ஒரு செடிகூட வைக்கக் கூடாது. கலிஃபோர்னியாதான் 1996இல் இதற்கெல்லாம் வழி திறந்தது. அங்கே செடி வளர்த்து விற்ற ஒருவர், "நான் இவர்களுடைய கேர்கிவர்" என்று வாதாடினார். 2008இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. கஞ்சா கொடுப்பதால் மட்டும் ஒருவர் கேர்கிவர் ஆகிவிட மாட்டார், அதற்கு முன்பிருந்தோ அப்போதிருந்தோ அந்த நோயாளியைத் தொடர்ந்து கவனித்து வந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பு. எனக்கு இந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடிக்கும். கவனிப்புதான் முதலில், மருந்து அதற்குள் ஒரு வேலை.

கலிஃபோர்னியாவின் அந்த 1996 சட்டமே அப்படிப்பட்ட ஒருவரால்தான் வந்தது என்பேன். சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையின் எய்ட்ஸ் பிரிவில் தொண்டு செய்த மேரி ஜேன் ராத்பன் என்ற மூதாட்டி, நோயாளிகளுக்காகக் கஞ்சா கலந்த பிரவுனி செய்து கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று தடவை கைது செய்தார்கள். ஆனாலும் நிறுத்தவில்லை. பெற்றவர்களே தொடப் பயந்த பிள்ளைகளுக்குச் செய்தார். அந்தப் பாட்டியை நினைக்கும்போது எனக்கு இப்போதும் கண் கலங்கும்.

சரி, நம்மவர்களுக்கு ஏன் இவ்வளவு கூச்சம்? கஞ்சா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பொட்டலமும் போலீஸும்தான். அது தப்பு என்று சொல்ல மாட்டேன், ஊரில் அதனால் அழிந்த பையன்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் புற்றுநோய்க்கு மார்ஃபின் கொடுத்தால் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லையே. 2017இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் ஆய்வுகளையெல்லாம் அலசி ஓர் அறிக்கை வெளியிட்டன. பெரியவர்களின் நாள்பட்ட வலி, கீமோவால் வரும் வாந்தி, எம்.எஸ். நோயாளிகள் சொல்லும் தசை இறுக்கம் ஆகிய மூன்றுக்கும் போதுமான ஆதாரம் இருக்கிறது என்றது. எல்லா நோய்க்கும் இது மருந்து என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். இந்த மூன்றுக்கு இருக்கும் ஆதாரம் மற்ற பலவற்றுக்கு இல்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு தப்பு செய்தேன். விழுங்கும் கேப்ஸ்யூல் வேலை செய்ய ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட ஆகும். ஒரு மணி நேரம் கழித்தும் கால் இறுக்கம் விடவில்லை என்று அவர் கேட்க, இன்னொன்று கொடுத்துவிட்டேன். இரண்டும் சேர்ந்து ஏறின. அறை சுற்றுகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். விடியும் வரை பக்கத்திலேயே இருந்தேன். காலையில் டிஸ்பென்சரி பார்மசிஸ்ட்டைக் கூப்பிட்டபோது அவர் திட்டவில்லை, ஆனால் சொன்னதை மறக்க மாட்டேன்: "கொஞ்சமாகத் தொடங்குங்கள், மெதுவாகக் கூட்டுங்கள். பேக்லோஃபெனும் தூக்கம் தரும் மருந்து, இரண்டும் சேரும்."

அன்றிலிருந்து ஒரு நோட்டு. இடது பக்கம் நேரம், அளவு. வலது பக்கம் கால், தூக்கம், வாய் உலர்வு, தலைசுற்றல். இப்போது நாக்குக்கு அடியில் விடும் சொட்டு மருந்து. கால் மில்லி, படுக்கப் போகுமுன். 'நாலு மணிக்கு ஒரு தடவை விழிப்பு, கால் வெட்டவில்லை' என்று முதன்முதலாக எழுதிய பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருக்கிறேன். கட்டில் கம்பியில் கட்டியிருந்த போர்வையை இப்போது அவிழ்த்துவிட்டார்.

அப்புறம், நம் ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. நீங்கள் அமெரிக்கக் குடிமகனாக இல்லையென்றால், எச்1பி விசாவோ கிரீன் கார்டோ எதுவானாலும், தயவுசெய்து உங்கள் பெயரைக் கொடுக்காதீர்கள். 1970இன் கூட்டாட்சிச் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு ஒரே அட்டவணையில் சேர்த்தது. மாநிலம் அனுமதித்தாலும் குடியேற்றத் துறை கூட்டாட்சிச் சட்டத்தைத்தான் பார்க்கும். மாநிலச் சட்டப்படி குற்றமில்லாத கஞ்சா நடவடிக்கைகூட குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தையைப் பாதிக்கும் என்று 2019 ஏப்ரலில் எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். மாநில மருத்துவத் திட்டங்களைத் தடுக்கப் பணம் செலவிடக் கூடாது என்று நாடாளுமன்றம் 2014இல் போட்ட தடை கூட்டாட்சி அரசின் நீதித் துறைக்குத்தான், குடியேற்றத் துறைக்கு இல்லை. என் அக்கா மகன் எச்1பியில் இருக்கிறான். ஒருநாள் எனக்கு உடம்பு முடியாதபோது, "சித்தி, நான் போய் வாங்கிட்டு வரட்டுமா?" என்றான். நல்ல மனசு. வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நோயாளியே குடிமகனாக இல்லாவிட்டாலும் இதே கதைதான், முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். விமானத்தில் ஊருக்கு எடுத்துப்போகும் நினைப்பு யாருக்கும் வேண்டாம்.

குடியுரிமைக்காக ரேகை வைத்த அதே பத்து விரலைத்தான் கேர்கிவர் பதிவுக்கும் வைத்தேன். முதல் தடவை எனக்காக, இரண்டாவது தடவை அவருக்காக. அதனால்தான் குடிமக்களாகிவிட்ட நம்மவர்கள் முன்வர வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். நம்மால் முடிகிற ஒன்றை வெட்கத்துக்காக விட்டுவிட்டால், பக்கத்து அறையில் ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டே இருப்பார்.

சீமந்தத்தில் அட்டையை எடுத்துக் கொடுத்த தோழி அன்று இரவே போன் செய்தார். அவருடைய மாமியாருக்குக் கீமோ நடக்கிறதாம், எட்டு கிலோ எடை குறைந்துவிட்டதாம். மாமியார் சிட்டிசன், கணவர் சிட்டிசன், இவர் மட்டும் இன்னும் கிரீன் கார்டு. "நான் பதிவு பண்ணிக்கவா?" என்று கேட்டார். நீங்கள் வேண்டாம், உங்கள் கணவர் பெயரைக் கொடுங்கள், முதலில் கீமோ டாக்டரிடம் பேசுங்கள் என்றேன். "என் வீட்டுக்காரர்கிட்ட எப்படிங்க இதை ஆரம்பிக்கிறது?" என்றார்.

இந்தப் பதிவை அப்படியே அவரிடம் காட்டுங்கள்.