அடும்புக் கொடிக்கு கடல் தண்ணி ஊத்தாதீங்க

நம்ம ராமநாதபுரம் பக்கம் வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துது, கடற்கரை மணல்ல படர்ற அடும்புக் கொடிய தொட்டில வச்சா தினம் கடல் தண்ணி ஊத்தணும் இல்லன்னா பூக்காதுன்னு. தப்புங்க. அது உப்ப தாங்கிக்கும், அவ்ளோதான், உப்பு அதுக்கு சாப்பாடு இல்ல. தனுஷ்கோடி மணல்ல மழை பெஞ்சா உப்பு கீழ இறங்கிரும், தொட்டில எங்க போகும், அங்கயே சேந்து சேந்து வேரக் கருக்கிரும். நல்ல தண்ணி போதும், அதுவும் மண்ணு காஞ்சப்புறம், முழு வெயில்ல வைங்க. விதைத் தோல் ரொம்ப கட்டி, உப்புத்தாள்ல (மரம் தேய்க்கிற சாண்ட்பேப்பர்) லேசா உரசி ஒரு ராத்திரி ஊறப்போட்டு போடுங்க, இல்லன்னா கணு உள்ள தண்டு ஒரு துண்டு போதும், தயவுசெஞ்சு மணல்மேட்டுல வேரோட பிடுங்காதீங்க, மணல் பறக்காம பிடிச்சு வச்சிருக்கிறதே அந்த வேர்தான். காலைல விரிஞ்ச பூ அன்னைக்கே வாடிரும், அது உப்பு பத்தாம இல்ல, அதோட இயல்பே அப்படி.