தட்டு எங்கே என்று கேட்ட தோழருக்கு

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட போட்டோவுக்குக் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள், குழந்தைகளோடு சேர்த்து இருபத்து மூன்று பேர், ஒரு பாட்டு, கொஞ்சம் சுண்டல். அந்தப் படத்தில் இருந்தது இவ்வளவுதான். அதற்கு ஒரு மூத்த தோழர் எழுதினார்: "அருமை. காணிக்கைத் தட்டு எப்போது வரும்? பாவசங்கீர்த்தனம் உண்டா?" பாவசங்கீர்த்தனம் என்றால் சர்ச்சில் பாதிரியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்வது. அந்தக் கேள்விக்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் பாதிப் பேர் என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர்கள்.

தட்டு இருந்தது தோழர். அதில்தான் சுண்டல் இருந்தது.

கோபத்தில் எழுதக் கூடாது என்று இரண்டு நாள் பொறுத்தேன். இப்போதும் கோபம் போகவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். கடவுள் நம்பிக்கை இல்லாத சில குடும்பங்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு ஓரிடத்தில் கூடுவது என்று ஆரம்பித்திருக்கிறோம். யாராவது ஒருவர் தனக்குத் தெரிந்ததைப் பேசுவார். இந்த மாதம் ஒரு நர்ஸ், வீட்டில் பெரியவர்களுக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தார். அப்புறம் சாப்பாடு. அப்புறம் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொள்வது. இதில் எங்கே சர்ச் வந்தது, எங்கே பாதிரியார் வந்தார் என்று எனக்குப் புரியவில்லை. சரி, சர்ச் மாதிரியே இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இருந்தால் என்ன?

"பகுத்தறிவாளனுக்குக் கூட்டம் தேவையில்லை, அவனுக்கு அவன் மூளை போதும்" என்று இன்னொருவர். இதைச் சொன்னவர் தினமும் காலை ஆறரை முதல் எட்டு வரை எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும். டீக்கடையில். நாற்பது வருடமாக அதே பெஞ்சு, அதே நாலு பேர், அதே பேப்பர். சாயங்காலம் படிப்பகம். வாரக் கடைசியில் தெருமுனைக் கூட்டம். ஒரு நாள் அவரைக் காணவில்லை என்றால் மறுநாள் வீட்டுக்கு ஆள் வந்து விசாரிக்கும். ஐயா, உங்களுக்கு மூளை போதவில்லை. உங்களுக்கு ஒரு சபை இருக்கிறது, பெயர்தான் வைக்கவில்லை. கூட்டம் வேண்டாம் என்று சொல்கிற ஒவ்வொருவரையும் பாருங்கள், ஏற்கெனவே ஒரு கூட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டுதான் சொல்வார்கள்.

அடுத்து, "இது மேல்நாட்டுச் சரக்கு". 2013 ஜனவரியில் லண்டனில் சாண்டர்சன் ஜோன்ஸ், பிப்பா எவன்ஸ் என்ற இரண்டு மேடை நகைச்சுவைக் கலைஞர்கள் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் 'சண்டே அசெம்ப்ளி' என்று ஆரம்பித்தார்கள். கடவுள் இல்லாத ஞாயிறு வழிபாடு என்று பத்திரிகைகள் எழுதின. எல்லோருமாகச் சினிமாப் பாட்டு மாதிரி பாப் பாட்டுகளைப் பாடுவது, ஒரு உரை, தேநீர். பல நாடுகளுக்குப் பரவியது, பிறகு பல ஊர்களில் நின்றும் போனது. நின்று போனதை ஒருவர் எனக்கு ஆதாரமாக அனுப்பியிருக்கிறார். நம் ஊரில் எத்தனை வாசகர் வட்டங்கள் நின்று போயிருக்கின்றன? அதற்காகப் படிப்பதே வேண்டாம் என்று யாராவது சொன்னோமா?

அதோடு, மேல்நாடு எதற்கு? இந்தச் சென்னையிலேயே 1880களில் நாத்திகர்கள் சங்கம் வைத்து, 'தத்துவ விவேசினி' என்று தமிழில் பத்திரிகையும் நடத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் விஜயவாடாவில் கோரா என்ற நாத்திகரும் அவர் மனைவி சரஸ்வதி கோராவும் வளர்த்த நாத்திக மையம் இருக்கிறது. 1940இல் முதுநூரு கிராமத்தில் ஆரம்பித்து, பிறகு விஜயவாடாவுக்கு வந்தது. குடும்பம் குடும்பமாக அதிலேயே வாழ்ந்திருக்கிறார்கள். சுயமரியாதைத் திருமணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1928இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் நடந்தது. 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டமே வந்தது. ஐயர் வேண்டாம் என்றார்களே தவிர, கல்யாணமே வேண்டாம், ஊரே கூட வேண்டாம் என்றார்களா? மாலை இருந்தது, பந்தி இருந்தது. பேச்சாளர்கள் இருந்தார்கள். ஐயோ, எத்தனை பேச்சாளர்கள்! என் கல்யாணத்தில் பன்னிரண்டு பேர் பேசினார்கள். இரண்டே முக்கால் மணி நேரம். அம்மா மட்டும் பேசவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. அவர் பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆரம்பித்துவிட்டேன்.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். கறுப்புச் சட்டை. எந்த அமைப்பு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். இறந்தபோது அவர் விருப்பப்படி உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தோம். பதினாறாம் நாள் காரியம் கிடையாது, படத்திறப்புதான். மண்டபம் நிறைந்தது. ஒவ்வொரு தோழரும் மேடையேறி, "இந்தக் குடும்பம் இனி எங்கள் குடும்பம்" என்றார். கைதட்டல். படத்துக்கு மாலை. நினைவு மலர் போடலாம் என்றார்கள், அது இன்னும் வரவில்லை.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? ஒருவர் வந்தார். அப்பாவிடம் கொடுத்திருந்த ஒரு புத்தகத்தைத் திருப்பி வாங்கிப் போக.

நான் அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. நல்லவர்கள், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சிறைக்குப் போனவர்கள் அதில் உண்டு. யார் வீட்டுக்கு எப்போது போக வேண்டும் என்பது யாருடைய வேலையாகவும் இல்லை, அவ்வளவுதான்.

எதிர்வீட்டு அக்கா கத்தோலிக்கர். அவர் வீட்டுக்காரர் அதே வருடம் இறந்தார். அவர்களுக்கு 'அன்பியம்' என்று ஒன்று உண்டு. ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட பகுதியைத் தெருத்தெருவாகப் பிரித்து, முப்பது நாற்பது வீடுகளுக்கு ஒன்று. முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுவார்கள். ஜெபம் முடிந்ததும் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பையனுக்கு ஃபீஸ் கட்டவில்லை என்று பேச்சு வந்துவிடும். அந்த அக்கா வீட்டுக்கு ஒரு மாதம் விடாமல் யாராவது ஒருவர் கஞ்சியோ குழம்போ எடுத்துக்கொண்டு வந்தார். அதில் பாதியை அக்கா எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தார். ஆக, நாத்திகர் வீட்டுத் துக்கத்துக்கும் சோறு போட்டது அன்பியம்தான். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கும் கொஞ்சம் இருந்தால் நல்லது.

"அப்படியென்றால் அங்கேயே போய்ச் சேர்ந்துவிடு" என்று யாரோ எழுதுவார்கள், தெரியும். "சர்ச்சில் சாதி இல்லையா" என்பார்கள். இருக்கிறது. எங்கள் திருச்சியில் மேலப்புதூரில் கல்லறைக்கு உள்ளேயே சாதிச் சுவர் கட்டினார்கள். அதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, நான் அங்கே வளர்ந்தவள். அந்தச் சுவரைக் காப்பியடிக்க நான் சொல்லவில்லை. கஞ்சியைக் காப்பியடிக்கச் சொல்கிறேன்.

ஒரே ஒரு தோழி மட்டும் உருப்படியாகக் கேட்டாள். கூட்டம் என்றால் ஒழுங்கு வரும், ஒழுங்கு என்றால் சடங்கு வரும், சடங்கு வந்தால் அதை நடத்த ஒருவன் வருவான், நாளைக்கு அவன்தான் பூசாரி, என்ன செய்வாய் என்றாள். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பிரான்சில் ஓகுஸ்த் காம்ட் என்ற தத்துவஞானி கடவுளை எடுத்துவிட்டு 'மானுட மதம்' என்று ஒன்றை உண்டாக்கினார். கடைசியில் அதற்குக் குருமார்கள், அதற்கென்று தனி நாட்காட்டி, வருடத்துக்குப் பதின்மூன்று மாதம், மாதத்துக்கு இருபத்தெட்டு நாள், ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பெரியவர் பெயர் என்று போய் முடிந்தது. படித்தால் சிரிப்பு வரும். நாங்களும் அப்படி ஆகிவிடுவோமோ என்ற பயம் எனக்கும் உண்டு. நாங்கள் இப்போதைக்கு வைத்திருக்கிற ஒரே விதி, ஒருமுறை நடத்தியவர் அடுத்த முறை பாத்திரம் கழுவ வேண்டும் என்பது. போதாதுதான். ஆனால் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்ததும் பூசாரி ஞாபகம் வருகிறவர்கள், தங்கள் மேடையில் சால்வைக்காகக் காத்திருக்கும் வரிசையையும் ஒரு தடவை பார்க்கலாம்.

முகநூல் இருக்கிறதே, வாட்ஸப் குழு இருக்கிறதே என்பவர்களுக்கு: அப்பா இறந்தபோது குழுவில் நூற்று நாற்பது 'வீரவணக்கம்' வந்தது. நன்றி.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அம்மா கடந்த இரண்டு வருடமாக வெள்ளிக்கிழமைகளில் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறார். இது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதே மூத்த தோழர்தான் ஒரு விழாவில் பத்துப் பேர் முன்னால் என்னிடம், "என்னம்மா, உங்க அப்பா கண்ணை மூடினதும் அம்மா சாமி கும்பிட ஆரம்பிச்சுட்டாங்களாமே" என்றார். சிரித்துக்கொண்டே. எனக்கு அன்றைக்குப் பேச்சே வரவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "கும்பிடவெல்லாம் இல்லடி. அங்க போனா மண்டபத்துல நாலு பொம்பளைங்க உட்கார்ந்திருப்பாங்க. காலை நீட்டி உட்காரலாம். ஏன் வந்தேன்னு யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க அப்பாவுக்கு ஒரு சமாதி இருந்தா அங்க போயிருப்பேன்" என்றார்.

அப்பாவின் முடிவு சரியானது. நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் போய் நிற்க ஓரிடம் இல்லாமல் செய்துவிட்டு, உட்கார ஓரிடமும் கொடுக்காமல், அவர் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்ததைக் கணக்கெடுக்க மட்டும் உங்களுக்கு ஆள் இருக்கிறது, இல்லையா? ஐம்பது வருடம் உங்கள் கூட்டங்களுக்கெல்லாம் அந்தம்மாதான் வீட்டில் டீ போட்டார். அறைக்குள் நீங்கள் பகுத்தறிவு பேசும்போது அவர் அடுப்படியில் இருந்தார். டீக்கடை பெஞ்சில் அவரால் உட்கார முடியுமா? படிப்பகத்தில் அவருக்கு நாற்காலி போட்டீர்களா?

பெரியாரைப் 'பெரியார்' என்று அழைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது யார்? 1938 நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு. பெண்கள் கூடினார்கள், பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு, இன்றைக்குப் பதினோரு பெண்கள் மொட்டை மாடியில் கூடினால் பாவசங்கீர்த்தனம் உண்டா என்று கேட்கிறீர்கள்.

ஆமாம், உண்டு. ஞாயிற்றுக்கிழமை அம்மா அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று, கோயிலுக்குப் போவதைப் பற்றி அவராகவே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. போட்டோவில் இடது பக்கம், பச்சைப் புடவை, கையில் தட்டோடு நிற்பது அவர்தான். நீங்கள் கேட்ட தட்டு.

அடுத்த கூட்டம் வருகிற மாதம் இரண்டாம் ஞாயிறு, அதே மாடி. சுண்டலா பணியாரமா என்று இன்னும் முடிவாகவில்லை. வருகிறவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், நாற்காலி வாடகைக்கு எடுக்க வேண்டும்.