மூளைச் சுருக்கம் என்றாலே அல்சைமர் மறதி நோய் இல்லைங்க

"ஸ்கேன் ரிப்போர்ட்டில் மூளைச் சுருக்கம்னு இருந்தா அல்சைமர்தான், இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

அறுபதைத் தாண்டியவர்களின் எம்.ஆர்.ஐ.யில் ஓரளவு சுருக்கம் தெரிவது சகஜம். மடிப்புகளுக்கு நடுவே இடைவெளி அகன்றிருக்கும், உள்ளே இருக்கும் நீர் அறைகள் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். என் அம்மாவின் ரிப்போர்ட்டிலும் 'வயது சார்ந்த சுருக்கம்' என்ற வரி உண்டு. பால் கணக்கை இன்றும் மனசிலேயே போடுகிறார், நான்தான் போனைத் தேடுகிறேன். எந்த இடம், எவ்வளவு என்பதுதான் கேள்வி. அல்சைமரில் பெரும்பாலும் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி வயதுக்கு மீறிச் சுருங்கும். அப்போதும் நினைவாற்றல் சோதனை, அன்றாட வேலைகளில் தடுமாற்றம், ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு எல்லாம் பார்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார்.

அடுத்தது, 'ஒண்ணும் செய்ய முடியாது' என்பது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றைப் பாருங்கள். மறதி நோய் இல்லாத 120 முதியவர்கள். ஓராண்டு நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு ஹிப்போகேம்பஸின் அளவு சுமார் 2% கூடியது. தசை நீட்டும் பயிற்சி செய்தவர்களுக்குச் சுமார் 1.4% குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவு காட்டவில்லை, அதனால் நடந்தால் மறதி தீரும் என்று நான் சொல்லவில்லை.

ரிப்போர்ட்டில் வெள்ளைப் புள்ளிகள் என்றும் இருந்தால், அவை பெரும்பாலும் மூளையின் சிறு ரத்தக்குழாய்கள் பாதிக்கப்பட்டதன் அடையாளம், அதனால் முதலில் பி.பி. பாருங்கள்.