டைல்ஸ் கடையில் ஏன் ஆர்க்கிடெக்ட் பேரைக் கேட்கிறார்கள்?

வீடு கட்டுபவர்கள் டைல்ஸ் கடைக்குப் போனால் ரேட் சொல்வதற்கு முன்னாடியே ஒரு கேள்வி வரும், "எந்த ஆர்க்கிடெக்ட் சார் அனுப்புனாங்க?" பேரைச் சொன்னதும் எஸ்டிமேட் தாளின் ஓரத்தில் சின்னதாகக் குறித்துக்கொள்வார்கள். என் தங்கை வீட்டு வேலைக்காக யார் பேரையும் சொல்லாமல் போய் நின்றபோது, முன்பு ஆர்க்கிடெக்ட் பேரைச் சொன்னபோது அவளுக்குச் சொன்ன ரேட்டைவிட அதே டைலுக்குச் சதுர அடிக்கு 8 ரூபாய் குறைத்துச் சொன்னார்கள். அந்த 8 ரூபாய் யாருக்குப் போகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நானும் ஆர்க்கிடெக்ட் தொழிலில் இருப்பவன்தான், நம்ம ஆட்களுக்குக் கோபம் வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். கிரானைட், பிளைவுட், மாடுலர் கிச்சன் என்று எல்லாவற்றிலும் இந்தக் கமிஷன் ஓடுகிறது. கேட்டால், "கிளையன்ட் ஃபீஸ்ல பேரம் பேசுறாரே, நாங்க எப்படிப் பிழைக்கிறது?" என்பார்கள். பேரம் பேசுகிறார்கள், உண்மைதான். பிளான் போடுவதற்கு இவ்வளவா என்று முகம் சுளிப்பவர், தேக்கு வாசக்காலுக்கு யோசிக்காமல் பணத்தை எடுத்து வைப்பார். அதற்காக அவர் பையிலிருந்தே அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்ளலாமா?

1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த நடத்தை விதிகளில், கிளையன்டையோ வேலையையோ அறிமுகம் செய்வதற்காகக் கமிஷன், தள்ளுபடி, பரிசு எதையும் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. மீறினால், ஆர்க்கிடெக்டுகளைப் பதிவு செய்யும் கவுன்சில் அந்தப் பதிவையே நீக்கலாம். ஆனால் நம் ஊரில் பாதி வீடுகளுக்கு பிளான் போடுவது இன்ஜினியர், அவரை இந்த விதி தொடாது. 2020இல் உச்ச நீதிமன்றமும், ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்துக்குத்தான் சட்டப் பாதுகாப்பு, அந்த வேலையைச் செய்வதற்கு அல்ல என்று சொல்லிவிட்டது.

டைல்ஸ் கமிஷனாவது சில்லறை. ஆர்க்கிடெக்ட் தன் மச்சான் பேரில் காண்ட்ராக்ட் எடுத்துவிட்டு, அந்த மச்சான் பில்லை இவரே சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது இருக்கிறதே, அதுதான் பெரிய விஷயம். பூச்சு வேலைக்கு அளவெடுக்கும்போது பெரிய ஜன்னல் ஓபனிங்கைக் கழிக்காமல் விட்டால் யார் கண்டுபிடிப்பது? கண்டுபிடிப்பதற்குத்தானே இவருக்கு ஃபீஸ்! நானே டிசைன் செய்து நானே கட்டித் தருகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்பவரிடம் எனக்கு ஒரு தகராறும் இல்லை, அவர் விற்பனைக்காரர் என்று கிளையன்டுக்குத் தெரியும், நாலு இடத்தில் ரேட் விசாரித்துக்கொள்வார். ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு இன்னொரு பக்கம் விற்பவரிடம் கை நீட்டுவதுதான் பிரச்சினை.

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி கேளுங்கள்: கடையிலோ காண்ட்ராக்டரிடமோ எதுவும் வாங்கமாட்டேன், தள்ளுபடி கிடைத்தால் உங்கள் பில்லிலேயே கழியும். அதை எழுதிக் கொடுக்கிறவர் கேட்கிற ஃபீஸ் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அதில் பேரம் பேசாதீர்கள்.